கூரியரில் வந்த கோடி

உ
சிவன்மலை ஆண்டவர் துணை

காட்டுவளவு,
குன்னத்தூர் வழி.
10-6-2007, ஞாயிறு

லண்டனில் இருக்கும் சிரஞ்சீவி வெள்ளியங்கிரிக்கு, அத்தை குப்பாயி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கு நானும், என் மகன் கன்னையனும், மருமகளும், பேரன் நித்தீஷும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்துக்கும் வெள்ளிக்கு வெள்ளி விளக்குப் போட்டுக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

அஞ்சாங்கிளாஸ் வாத்தியார் சொல்லிக் குடுத்த கடுதாசித் தமிழ் எனக்கு இவ்வளவுதான் வரும். இனிமேல் எழுதறதெல்லாம் என்ற வாயில வர்றதுதான். கோவமா இருக்கறப்ப எலக்கணத்தோட எழுதறதுக்கு ஆராலயும் ஆவாது கண்ணு.

நேத்துப் பொழுதோட கன்னையன் திருப்பூருல கம்ப்யூட்டர் கடையில இருந்து ஒரு பேப்பரக் கொண்டாந்து, அம்மா, வெள்ளியங்கிரி மெயில் போட்டிருக்கறான், உனக்கும் சேதி இருக்குதுன்னான். மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தவ, போட்டது போட்டபடி ஓடியாந்தேன். எட்டு மாசம் கழிச்சு உன்ற சேதி. அவன் படிக்கப் படிக்க ஈரக்கையோடயே நின்னு கேட்டேன். வர்ற இருவத்திரெண்டாந் தேதி வெள்ளிக்கெழம வர்றயாம். கூட உன்ற கம்பெனி வெள்ளைக்காரரும் அவரு சம்சாரமும் வர்றாங்களாம். கொழந்தைக போடற பனியன் ஆர்டர் விசயமாம். ஒரே நாளாம். ரெண்டு மணி வரைக்கும் பேக்டரியாம். ஏழு மணிக்குக் கோயமுத்தூருக்குக் கெளம்பிருவீங்களாம். நடுவுல அஞ்சு மணி நேரம் சும்மா கெடக்குதாம். அந்த அஞ்சு மணி நேரத்துல அவங்களுக்குக் காட்டறதுக்கு நம்மூர்ல பாக்கறாப்பல என்னென்ன இருக்குது, அத்தைக்குத்தான் கோயில் கொளமெல்லாம் தெரியும், ஒரு லிஸ்ட் கேட்டு அனுப்புன்னு எழுதியிருக்கற.

அவ்வளவுதானாடான்னு கன்னையனக் கேட்டேன். அவ்வளவுதான்மான்னான். நம்பாம பேப்பரப் புடுங்கித் திருப்பிப் பாத்தேன். பின்னால வெள்ளையா இருந்துச்சு. அக்கான்னு ஒரு எழுத்தில்ல. மயிலாத்தான்னு ஒரு பேரில்ல. உன்ற கூடப் பொறந்தவ ஒருத்தி இந்தத் திருப்பூர்ச் சீமையில உசுரோட இருக்கறாங்கறதுக்கு அந்தப் பேப்பர்ல ஒரு புள்ளி இல்ல.

பாக்கறதுக்கு என்ன இருக்குதுன்னு கேட்டிருக்கற. பாக்கறதுக்கு ஆரு இருக்கறாங்கன்னு கேட்டிருந்தீன்னா இந்தக் காயிதம் வேற மாதிரி இருந்திருக்கும். போச்சாது. கேட்டுட்ட. சொல்ல வேண்டியது என்ற கடமை. லிஸ்ட் எழுதிக்கோ.

மொத எடம் அவிநாசி. ஏர்போர்ட்டுல இருந்து வர்ற வழிதான், சுத்து ஒண்ணுமில்ல. பெரிய தேரு நிக்கும், வெள்ளைக்காரங்க அது முன்னால நின்னு போட்டோ புடிச்சுக்கலாம். கோயிலுக்குக் கொஞ்சந் தள்ளித்தான் முதலை புள்ளைய முழுங்குன கொளம். அந்தக் கதைய அவங்களுக்கு இங்கிலீசுல சொல்லு. உனக்கே மறந்திருந்தா நான் சொல்றேன். நாயனார் ஒருத்தரு அந்தத் தெரு வழியாப் போனாராம். ஒரு ஊட்டுல பூணூல் கல்யாணம், மேளச் சத்தம். எதுத்த ஊட்டுல அழுகச் சத்தம். என்னன்னு கேட்டாராம். இந்த ஊட்டுப் பையனும் அந்த ஊட்டுப் பையனும் ஒண்ணாக் குளிக்கப் போனாங்க சாமி, ஒருத்தன முதலை கொண்டு போயிருச்சு, இருந்திருந்தா அவனுக்கும் இன்னைக்குப் பூணூல் போட்டிருப்பாங்கன்னு சொன்னாங்களாம். நாயனாரு சாமி பாக்கப் போற வழி. மேளம் அடிக்கற ஊட்டுக்குள்ள போயி எல போட்டு உக்காந்திருக்கலாம். போகல. எழவு ஊட்டு வாசல்ல நின்னு, என்னாச்சுங்க அம்மான்னு கேட்டாரு. அப்பறந்தான் பாட்டு, அப்பறந்தான் முதலை புள்ளையத் திருப்பிக் குடுத்தது எல்லாம். தெய்வத்தோட நேராப் பேசற மனுசனே மொதல்ல துக்கங் கேட்டுட்டுத்தான் அடுத்த காரியத்துக்குப் போனாரு. உன்னைய எந்த முதலை முழுங்குச்சோ எனக்குத் தெரியல. ஏரோப்ளேன் சைசுல ஒண்ணு இருக்கும்போல.

ரெண்டாவது, ஸ்டேசன் கிட்ட இருக்கற கொடி காத்த குமரன் மண்டபம். வெள்ளைக்காரரக் கூட்டிட்டுப் போறதுக்குச் சங்கடமா இருந்தா கார்ல உக்காந்துட்டே காட்டு. மண்டை ஒடஞ்சு கீழ விழுந்தும் அந்த மனுசன் கையில புடிச்ச கொடிய விடல. அவரு பேரச் சொல்லித்தான் நம்மூரே மானத்தோட இருக்குது. அந்த ஊர்ல பொறந்தவன் நீ. உன்ற கையில கொடி எல்லாம் ஆரும் குடுக்கல. ஒரு கோடி. ஒரே ஒரு கோடித் துணி. அதை உன்னால புடிக்க முடியல.

கோடின்னதும் உனக்குப் புரிஞ்சிருக்கும். லண்டன் தண்ணி குடிச்சதுல மறந்து போயிருந்தா நானே சொல்றேன், இருந்து கேளு.

தீவாளி கழிஞ்ச ஒம்பதாம் நாள் உன்ற மச்சான் பழனிமுத்து கட்டிங் டேபிள் மேல கை வெச்சவரு அப்படியே சாஞ்சுட்டாரு. நாப்பத்தி மூணு வயசு. முதலிபாளையம் எஸ்டேட்டுக்குப் பின்னால பத்து மெசினு போட்ட சின்னக் கம்பெனி, அதுலயே ராத்திரி பகல்னு கெடந்த மனுசன். நீ காலேஜ் படிக்கறப்ப சனிக்கெழமையானா டிவிஎஸ் பிப்டிய எடுத்துட்டு உன்ற ஹாஸ்டலுக்கு வந்து அழுக்குத் துணிய வாங்கிட்டுப் போவாரு, திங்கக்கெழம தொவச்சுத் தேச்சுக் கொண்டாந்து குடுப்பாரு. மச்சினனுக்குத் துணி தொவைக்கற மாப்பிள்ளைய இந்தக் கொங்குநாட்டுல நான் வேற பாத்ததில்ல. நான் கூட அப்ப சிரிச்சிருக்கறேன். ஏனுங்க மாப்ள, உங்க மச்சினனுக்குக் கை இல்லீங்களான்னு கேட்டேன். படிக்கற கைங்க அத்தை, சோப்புல ஊறக் கூடாதுன்னாரு.

அன்னைக்குக் கன்னையன் உனக்குப் போன் போட்டான். லீவு இல்ல, டிக்கெட்டு இல்ல, எனக்காகப் பொணத்த வெச்சிருக்க வேண்டாம்னு சொன்னயாம். சரி. தூர தேசம். அதைக்கூட நான் குத்தஞ் சொல்லல.

எடுக்கறதுக்கு முன்னால, பொறந்த ஊட்டுக் கோடி வரட்டும்னு கூப்புட்டாங்க. புருசன எழந்தவளுக்குக் கூடப் பொறந்தவன் ஒரு புதுச் சேலையக் கொண்டாந்து, கையால தோள் மேல போத்தி உடறது. அந்தக் கை எதுக்குன்னா, ஆத்தா, இவன் போயிட்டான், நான் இருக்கறேன்னு சொல்றதுக்கு. வாயில சொல்ல முடியாது பாரு, அதனால துணியில சொல்றது. கோடி போட்ட பொறந்தவனே அப்பறம் அவளத் தாய் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு வாய் சோறு போட்டு அனுப்போணும். அதுக்கப்பறந்தான் அவ ஒரு கோயில் படி ஏறலாம், ஒரு நல்லது கெட்டதுக்கு நாலு ஊட்டுக்குள்ள போலாம். மூணு தடவ கூப்புட்டாங்க, பொறந்த ஊட்டுக் கோடின்னு. உன்ற அப்பனும் அம்மாளும் மேல இருந்து பாத்துட்டு இருந்திருப்பாங்க. ஆரும் முன்னால வரல. அதுக்கப்பறம் அங்க ஒண்ணு நடந்துச்சு. அதைப் பின்னால எழுதறேன். 

அன்னைக்கு முடியலீன்னா பதினாறுக்குள்ள வந்து போடலாம்னு பெரியவங்க சொன்னாங்க. நான்தான் எல்லார்கிட்டயும் மாருல அடிச்சுச் சொன்னேன், எங்க பையன் வந்துருவான்னு. பதினாலாம் நாள், சொந்தபந்தம் எல்லாம் முதலிபாளையத்து ஊட்டு வாசல்ல பந்தல்ல உக்காந்திருக்கறம். கூரியர்காரர் ஒருத்தரு பொட்டியோட வந்து நிக்கறாரு. கன்னையன் மேல ஒட்டியிருந்த சீட்டப் பாத்துட்டு, அம்மா, வெள்ளியங்கிரி கோடி அனுப்பியிருக்கறான்னு சத்தமாச் சொல்லிட்டான். அந்தக் கூரியர்காரரு வெளியூரு ஆளு போல. கோடியா, இத்துனூண்டு பொட்டியிலீங்களான்னு கேட்டாரு. பந்தல்ல நாலு பேரு சிரிச்சுட்டாங்க. எழவு ஊட்டுல சிரிப்புச் சத்தம்! எனக்குப் பூமி பொளந்து உள்ள போயிரலாமான்னு இருந்துச்சு. உன்ற அக்கா சிரிக்கவும் இல்ல, அழுகவும் இல்ல. எந்திரிச்சு வந்து, எங்க கையெழுத்துப் போடோணும்னு கேட்டுப் போட்டுக் குடுத்தா.

அந்தச் சீட்டுல என்ன எழுதியிருந்துச்சுன்னு ஞாபகம் இருக்குதா? கன்னையன் எழுத்துக் கூட்டிப் படிச்சான். லேடீஸ் கார்மெண்ட், ஒரு பீஸ், சாம்பிள், நோ கமர்சியல் வேல்யூ. அப்படின்னா என்னடான்னு கேட்டேன். சாம்பிள் அனுப்பறப்ப வரி போடாம இருக்கறதுக்கு எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்கம்மா, விலைமதிப்பு இல்லாததுன்னு அர்த்தம்னான். கம்பெனி வழக்கம்னான். கம்பெனி வழக்கம் எனக்கும் தெரியும் சாமி. நானும் பத்து வருசம் பீஸ் மடிச்சவதான். ஆனா பொறந்தவன் போடற கோடிய ஆராச்சும் சாம்பிள்னு எழுதி அனுப்புவாங்களா? உலகத்துக்கே பொட்டியில துணி அனுப்பி அனுப்பி, கோடியும் அப்படி அனுப்பலாம்னு உனக்குத் தோணிருச்சு. துணிக்கா இந்த ஊர்ல பஞ்சம்? ரோட்டுல போற காத்துலயே பஞ்சுதான் பறக்குது. துணி வந்துருச்சு கண்ணு. கை வரல.

அந்தப் பொட்டி இன்னும் உன்ற அக்கா ஊட்டுல பீரோ மேல கெடக்குது. ஒட்டுன டேப்பு ஒட்டுனபடி. அவ மக ஜனனி ஒருக்கா பிரிக்கப் போனாளாம், பத்தாவது படிக்கற புள்ள, ஆசையில. மயிலாத்தா, அது உன்ற மாமன் சாமான், அவன் வந்து எடுத்துக்குவான், வெய்யின்னுட்டாளாம்.

லிஸ்ட்டுக்கு வர்றேன். கோவத்துல பாதியில நின்னு போச்சு.

நொய்யல் ஆத்தப் பாக்கலாம். பாலத்து மேல நின்னு பாத்தாப் போதும், கீழ எறங்க வேண்டாம், மூக்கப் புடிச்சுக்கச் சொல்லு. ஒரு நாளைக்கு நீலமாப் போகும், ஒரு நாளைக்கு ரோஸ் கலர்ல போகும். அவங்க ஊருக் கொழந்தைக என்ன கலர் பனியன் போடப் போகுதுன்னு இந்த ஆத்தப் பாத்தாத் தெரிஞ்சுரும். அந்த அம்மா கேட்டா மறைக்காம சொல்லு. காதர்பேட்டையில எக்ஸ்போர்ட் மிச்சப் பனியன் மலையாக் குமிச்சு வெச்சிருப்பாங்க, அவங்க ஊருக்கு அனுப்பறதையே இங்க சல்லிசா வாங்கிக்கலாம், அதைப் பாத்து ஆச்சரியப்பட்டாலும் படுவாங்க. ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கிக் குடு. வெள்ளைக்காரங்களுக்கு வெண்ணெய் புடிக்கும்னு சொல்லுவாங்க. காரம் மட்டும் வெளியில எங்கயும் தின்னுற வேண்டாம்.

அப்பறம் சிவன்மலை. அதைப் பாக்காமப் போனா நம்மூரப் பாத்ததாவே ஆவாது. மலை மேல கார் போகும். அங்க ஆண்டவன் உத்தரவுப் பொட்டின்னு கண்ணாடிப் பொட்டி ஒண்ணு இருக்கும். ஆராச்சும் ஒரு பக்தர் கனவுல சாமி வந்து, இன்ன சாமானைக் கொண்டாந்து வெய்யின்னு சொல்லும். பூப் போட்டுக் கேட்டுட்டு அதை வெப்பாங்க. அடுத்தவங்க கனவுல வேற சாமான் வர்ற வரைக்கும் அதுவே இருக்கும். அதைச் சொன்னா அவங்க வாயப் பொளந்துட்டுக் கேப்பாங்க. நானும் எட்டு மாசமாப் படுக்கறப்ப வேண்டிக்கறேன், ஆண்டவா, என்ற கனவுல வந்து கோடித் துணி கேளு, அதைக் கொண்டாந்து நாலு பேரு பாக்க வெக்கறேன், அதைக் கேள்விப்பட்டாவது அவனுக்கு உறைக்கட்டும்னு. வரவே மாட்டேங்கறாரு. அவருக்கும் ஆயிரம் சோலி.

சிவன்மலைக்கு எப்படிப் போறதுன்னு உன்ற டிரைவருக்குத் தெரியும். காங்கயம் ரோடு. வழியில முதலிபாளையம் பிரிவு வரும். அந்தப் பிரிவுல திரும்பாம நேராப் போயி மலையேறிக் கும்பிட்டுட்டு, திரும்பி வர்றப்பவும் அதே பிரிவத் தாண்டிப் போயிருவியா? உன்ற மனசால ஆகும்னா போ. நான் தடுக்கல.

உன்ற அக்கா எப்படி இருக்கறான்னு நீ கேக்கல. கேக்காமயே சொல்றேன். ஊடு விட்டாக் கம்பெனி, கம்பெனி விட்டா ஊடு. கம்பெனிய அவளும் சுடலையுந்தான் இழுத்துட்டுப் போறாங்க. சுடலைய உனக்குத் தெரியாது. திருநெல்வேலிப் பக்கத்து ஆளு. ஆறு வருசமா மச்சான்கிட்டத் தைக்கறவன். பொண்டாட்டி முத்துப்பேச்சியும் அங்கயே செக்கிங் பாக்கறா. மயிலாத்தாள அக்கான்னு கூப்புடுவான். அவனுக்கு ஒடம்பு முடியாதப்ப ஆஸ்பத்திரியில பக்கத்துலயே உக்காந்திருந்தது உன்ற மச்சான்தான்.

சித்திரையில நித்தீஷுக்குக் காது குத்துனோம். மயிலாத்தா வந்தா. பந்தலுக்குள்ள வரல. ரோட்டுலயே வேப்பமரத்தடியில நின்னுட்டு, மோதிரத்தை முத்துப்பேச்சிகிட்டக் குடுத்து அனுப்புனா. நான் ஓடிப்போயி, ஏஞ்சாமி இங்கயே நிக்கற, தண்ணியாச்சும் குடின்னேன். வேண்டாங்க அத்தை, நான் இன்னும் தாய் ஊட்டுச் சோறு திங்கலீங்கன்னா. நான் வளத்த புள்ள. என்ற ஊட்டு வாசல்ல நிக்கறா. வா கண்ணு உள்ளன்னு கையப் புடிச்சு இழுக்கறதுக்கு எனக்கு வாய் வரல. வழக்கம் வழக்கம்னு எல்லாருக்கும் சட்டம் பேசுனவ நான். அன்னைக்கு அந்தச் சட்டம் என்ற வாயவே அடைச்சுருச்சு. அவ திரும்பி நடந்து போனா. எனக்கு அன்னைக்கு விருந்துச் சோறு எறங்கல.

பின்னால எழுதறேன்னு சொன்னேனே, இப்ப அந்த விசயத்தை எழுதறேன். நீ தெரிஞ்சுக்கோணும்.

அன்னைக்கு மூணு தடவ கூப்புட்டும் ஆரும் வராதப்ப, சுடலை முன்னால வந்தான். கம்பெனியில இருந்து வெள்ளைப் பனியன் துணிய ரெண்டு மீட்டர் வெட்டி, மடிச்சுக் கையில வெச்சிருந்தான். கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. அக்காவுக்கு நான் போடுதேன்னு சொன்னான். பெரியவங்க, நீ என்ன முறையப்பான்னு கேட்டாங்க. அண்ணாச்சி எனக்குச் சோறு போட்டாவ, அக்கான்னு வாய் நெறயக் கூப்புட்டிருக்கேன், இதுக்கு மேல என்ன முறை வேணும்னான். பெரியவங்க ஒருத்தரு மொகத்த ஒருத்தரு பாத்துட்டு, சரின்னு தலையாட்டப் போனாங்க. மயிலாத்தா தலையத் தூக்கி அவனப் பாத்தா.

நான்தான் குறுக்க போனேன். அவன் கையத் தட்டி உட்டேன் வெள்ளியங்கிரி. துணி கீழ விழுந்துச்சு. பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப நீ ஆருடா போடறதுக்கு, பனியன் துணியப் போட்டு எங்க வம்சத்தக் கேவலப்படுத்தறயா, எங்க பையன் வருவான்னு அத்தனை பேரு முன்னாலயும் கத்துனேன்.  அவன், என்ன அத்தை, இப்பிடிச் சொல்லுதியன்னு மெதுவாக் கேட்டுட்டு, குனிஞ்சு துணிய எடுத்து, மண்ணத் தட்டி, மடிச்சுட்டுப் போயி ஓரமா நின்னான்.

அவ தோள்ல உழ வேண்டிய துணிய நான் தட்டி உட்டேன். ஆர நம்பி? உன்னைய நம்பி. எட்டு மாசமா அவ வெளிய நிக்கறாளே, அதுக்குப் பாதிக் காரணம் நீ, பாதிக் காரணம் நான். என்ற பாதிய நான் சுமந்துட்டு இருக்கறேன், சாமி முன்னால நின்னாக் கூட எறங்க மாட்டேங்குது. உன்ற பாதி உனக்கு லேசா இருக்குதா?

எங்கூட்டுக்காரர் கெணத்து வேலையில செத்துப் போனப்ப உன்ற அப்பன் ஈரோட்டுல மஞ்ச மண்டியில இருந்தான். பஸ்ஸு ஓடாத நாளு. மஞ்சள் லாரியில ஏறி, மேலெல்லாம் மஞ்சப் பொடியோட வந்து எறங்குனான். கையில ஒரு சேலை. அவன் போத்தி உட்டப்ப என்ற தோள்ல மஞ்சள் ஒட்டிக்கிச்சு. அங்க இருந்தவங்க மஞ்சள் ஆகாதுன்னு தொடைக்க வந்தாங்க. நான் உடல. அந்தப் பூமியில அப்ப என்னைய நிறுத்தி வெச்சது அந்தக் கைதான். அந்தக் கைக்குப் பொறந்தவன் நீ.

இனி வெள்ளிக்கெழம விசயம். எல்லா நாளையும் உட்டுட்டு வெள்ளிக்கெழமையப் புடிச்சிருக்கற. வெள்ளிக்கெழம எழவு ஊட்டுக்குப் போகக் கூடாது, துக்கங் கேக்கக் கூடாது, கோடி தொடக் கூடாது. தெரிஞ்சு செஞ்சியா, தெரியாமச் செஞ்சியா? கன்னையன், வெள்ளைக்காரருக்கு வசதியான நாளும்மா, அவனுக்குத் தெரியாதுங்கறான். நாளைக்கு ஆராச்சும் கேட்டா, வந்தேன், வெள்ளிக்கெழமையாப் போச்சு, அதனால போகலன்னு சொல்லிக்கலாம்னு இருந்தீன்னா, அந்த எண்ணத்தை அங்கயே மடிச்சு வெச்சுட்டு வா.

இன்னைக்குக் காலைல நம்ம மாகாளியாத்தா கோயிலுக்குப் போயிப் பூக் கேட்டேன். வெள்ளைப் பூ வந்தா, வெள்ளிக்கெழம கோடி போட ஆத்தா உத்தரவு. செவப்பு வந்தாக் கூடாது. பூசாரி ரெண்டு பொட்டலத்தையும் உருட்டிப் போட்டாரு. பக்கத்து ஊட்டுக் கொழந்தைய உட்டு ஒண்ண எடுக்கச் சொன்னேன். பிரிச்சேன்.

செவப்பு.

அம்பத்தி ஏழு வயசாச்சு எனக்கு. ஆத்தா உத்தரவ ஒரு நாளும் மீறுனதில்ல. பொண்ணுப் பாக்கப் போறதுல இருந்து போர் போடற வரைக்கும் அவளக் கேக்காம ஒரு காரியம் பண்ணுனதில்ல. அந்தச் செவப்புப் பூவ முந்தானையில முடிஞ்சுட்டு அவ முன்னாலயே நின்னேன். ஆத்தா, நீயும் ஒரு பொம்பளை, மறுபடியும் வெள்ளிக்கு மேல சனி, சனிக்கு மேல அமாவாசைன்னு நாள் பாத்துட்டு இருந்தா, அந்தப் புள்ள ரோட்டுல நின்னே கெழவியாயிருவா, இந்த ஒருக்கா நான் உன்ற பேச்சக் கேக்கப் போறதில்ல, கோவம்னா என்ற மேல எறக்குன்னு சொல்லிட்டு, திரும்பிப் பாக்காம வந்துட்டேன். பூசாரிக்கு மொகம் வெளிறிப் போச்சு. ஊட்டுக்கு வந்தவுடனே இதை எழுத உக்காந்துட்டேன்.

அதனால ஒழுங்காக் கேட்டுக்கோ. மேல எழுதுன எடமெல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு. டிரைவர் கூட்டிட்டுப் போயிக் காட்டிருவாரு. உனக்கு நான் போடற லிஸ்ட்டுல ரெண்டே எடந்தான். ரெண்டு மணிக்கு முதலிபாளையம். பீரோ மேல இருக்கற பொட்டிய நீயே எறக்கி, நீயே டேப்பக் கிழி. புதுசு ஒண்ணும் வாங்கியார வேண்டாம், அந்தச் சேலை மேல ஒரு குத்தமும் இல்ல. உன்ற ரெண்டு கையால அவ தோள்ல போத்து. ஸாரின்னு இங்கிலீசுல ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஒண்ணுமே சொல்லாட்டியும் பரவால்ல. அங்க இருந்து அவளையும் ஜனனியையும் ஒரு வாடகைக் கார்ல ஏத்திட்டுக் குன்னத்தூருக்கு வா. உங்க ஊட்டுச் சாவி என்றகிட்டத்தான் இருக்குது. அடுப்புப் பத்த வெச்சு அரிசியும் பருப்பும் போட்டுத் தயாரா வெச்சிருக்கச் சொல்லி மருமகள்கிட்டச் சொல்லிட்டேன். வெள்ளைக்காரங்க பாக்க ஆசப்பட்டா அவங்களும் வரட்டும், எல போடறேன். ஆறு மணிக்கு உன்னைய அனுப்பிச்சுடறேன். ஏரோப்ளேன் காத்திருக்காதுன்னு எனக்கும் தெரியும்.

நான் அன்னைக்குக் காலைல இருந்தே முதலிபாளையத்துலதான் இருப்பேன். மயிலாத்தாகிட்ட நீ வர்றன்னு சொல்லல. சொல்லி, அவ மறுபடியும் வாசலப் பாத்து உக்காந்துட்டா அதைத் தாங்கறதுக்கு எனக்குத் தெம்பில்ல. சுடலைகிட்ட மட்டும் நேத்தே போன்ல பேசிட்டேன். அன்னைக்கு நான் பேசுனதுக்கு மன்னிச்சுக்க சாமின்னேன். அந்தத் துணி இன்னும் வெச்சிருக்கயான்னும் கேட்டேன். தொவச்சு மடிச்சு மெசின் டிராயர்ல வெச்சிருக்கேன் அத்தைன்னான். அவன் என்னைய அத்தைன்னு கூப்புடறான், கவனிச்சயா?

அஞ்சு மணி வரைக்கும் உனக்காகப் பாப்பேன். அஞ்சு மணிக்கு மேல சுடலை போடுவான். இந்தத் தடவ நான் தட்டி உட மாட்டேன், என்ற கையாலயே எடுத்துக் குடுப்பேன். குன்னத்தூர் ஊட்டுக்கு அவனே கூட்டிட்டு வருவான். அவனுக்கு எல போட்டு, பொறந்தவன் உக்கார்ற எடத்துல உக்கார வெப்பேன். அதுக்கப்பறம் எத்தனை வருசங் கழிச்சு நீ வந்தாலும் உனக்கும் சோறு போடுவேன் கண்ணு, அத்தையாச்சே. ஆனா அந்த எடம் காலியா இருக்காது.

கன்னையன் இந்தக் காயிதத்தை மெசின்ல வெச்சுப் படமாட்டம் புடிச்சுக் கம்ப்யூட்டர்லயே அனுப்பறேங்கறான். அனுப்பட்டும். காயிதம் அப்படிப் போலாம், தப்பில்ல.

குளுரு ஊர்ல ஒடம்பப் பாத்துக்கோ. வேளா வேளைக்குச் சாப்புடு. நீ ஏறுற ஏரோப்ளேன் பத்தரமா எறங்கோணும்னு, கோவத்துல இருக்கற ஆத்தாகிட்டயே மறுபடியும் போயிக் கேட்டுக்கறேன். அவளும் நானும் எத்தனை வருசப் பழக்கம், அதைக் குடுக்காம இருக்க மாட்டா. நல்லா இரு. வந்து சேரு.

இப்படிக்கு,
உன்ற அப்பன் கையால கோடி வாங்குன
அத்தை குப்பாயி